மறதிநோயாளருக்கு ஏற்ற இல்லம்: மலையகக் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை

மறதிநோய்க்கு உள்ளான ஒருவரைப் பராமரிப்பு இல்லமொன்றில் சேர்ப்பது பற்றிய பேச்சு மலையகத் தோட்டங்களில் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே எழுகிறது. எழும்போது நிலைமை நெருக்கடியாக முற்றிவிட்டிருக்கிறது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரு காம்பராவில் நடப்பது அடுத்த காம்பராவுக்குத் தெரிந்திருந்த காலத்தில், நினைவு தடுமாறிய மூத்தவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை லயம் முழுவதுமே பகிர்ந்துகொண்டது. அந்த ஏற்பாடு இன்று தளர்ந்துவிட்டது. மகன் கொழும்பில் கடையொன்றிலும், மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணியிலும், வீட்டில் எஞ்சிய மருமகள் காலை முதல் மாலை வரை கொழுந்து மலையிலும் இருக்க, நினைவிழந்துவரும் முதியவர் அடுப்பும் நெருப்பும் உள்ள காம்பராவில் பகல் முழுவதும் தனித்திருக்கிறார். சில வேளைகளில் வெளியிலிருந்து பூட்டியும் வைக்கப்படுகிறார். இத்தகைய குடும்பம் இல்லமொன்றைத் தேடத் தொடங்கினால், அதைப் பாசக்குறைவு என்று ஊரார் பழிப்பது நியாயமாகாது. எந்த இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும், எவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே அக்குடும்பத்தின் உடனடித் தேவை.

இத்தேவை இனிமேல் வளரவே செய்யும். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி இலங்கை மக்களில் 12.4 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்கள். அதன்பின் இவ்விகிதம் விரைந்து உயர்ந்துவருகிறது. கம்பஹா மாவட்டத்தின் ராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்ததைக் கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

தோட்ட நிர்வாகங்கள், தாய்மார் மலைக்குச் செல்லும் நேரத்தில் கைக்குழந்தைகளை வைத்துப் பார்ப்பதற்கெனப் பிள்ளை மடுவங்களை நெடுங்காலத்துக்கு முன்பே அமைத்தன. கொழுந்து பறிக்கும் கைகள் தடையின்றி இயங்க அவை வேண்டியிருந்தன. உழைத்து ஓய்ந்தவருக்கு அதையொத்த பகற்காப்பு எதுவும் தோட்ட அமைப்பின் வழமையான அங்கமாக இன்றுவரை உருவாகவில்லை. இது சிறிய குறையன்று. பகலில் எட்டு மணிநேரம் ஒருவரைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் இடமொன்று தோட்டத்திலேயே இருக்குமானால், இன்று இல்லம் தேடும் குடும்பங்களில் பலவற்றுக்கு அத்தேடலே வேண்டியிராது. 2001இல் தொடங்கப்பட்ட லங்கா அல்சைமர் அறக்கட்டளை கொழும்பில் நடத்திவரும் பகல்நேரச் செயற்பாட்டு நிலையம் அத்தகைய உதவி எவ்வாறு அமையலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரியே. ஆனால் மஸ்கெலியாவில் இருப்பவர் நாள்தோறும் அங்கே சென்றுவர இயலாது.

இல்லம் தேடுவதற்கு முன்பு செய்தே ஆக வேண்டியது நோயை உறுதிப்படுத்துவது. டிமென்ஷியா என்று வைத்தியர்கள் குறிப்பிடும் மறதிநோய் முதுமையின் இயல்பான விளைவன்று; மூளையின் உயிரணுக்கள் பல்வேறு காரணங்களால் சிதைவதால் நினைவு, மொழி, திசையறிவு, தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியன படிப்படியாகக் குன்றும் நிலைகளின் தொகுப்புப் பெயர் அது. ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்த நோயே இத்தொகுப்பில் மிகப் பரவலானது. மறதிநோயாளரில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அதுவே காரணமாகிறது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் பாதிக்கப்படுவதால் வருவது அடுத்த முக்கிய வகை. எனினும் பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, கடும் மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மூளையுறைக்கு அடியில் தேங்கிய குருதி ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. ஆகவே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, தேவைப்பட்டால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பப்பட்டு, நோயின் வகையும் நிலையும் எழுத்தில் பெறப்பட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நினைவாற்றலை அளக்கப் பயன்படும் வழமையான வினாத்தாள்கள் திகதியைச் சொல்லவும், ஏழேழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் கேட்கின்றன. பள்ளிக்கூடம் போகாமல் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கூடை சுமந்த பெண்மணி, நோய் இல்லாதபோதும் அவற்றில் தோற்றுவிடக் கூடும். அவருக்குச் சமையலில் என்ன மறந்தது, தண்ணீர்ப் பீலிக்குப் போன வழியில் எப்போது தடுமாறினார், பேரப்பிள்ளைகளின் பெயர் எப்போது குழம்பியது என்பவற்றை வீட்டார் வைத்தியரிடம் எடுத்துச்சொல்வது வினாத்தாளைவிட உண்மையான சான்றாக அமையும்.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஐவருக்கு மேற்பட்ட முதியோருக்குத் தங்குமிடப் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அது அரசின் இல்லமா, சமயத் தொண்டு நிறுவனத்தினுடையதா, கட்டணம் பெறும் தனியாருடையதா என்ற வேறுபாடு இதில் இல்லை. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்ற கடப்பாட்டைப் பிள்ளைகளுக்கு விதிப்பதும் இதே சட்டமே. பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பது இல்லத்தாரை அவமதிப்பதாகாது. அதைக் காட்டத் தயங்கும் இல்லத்தை அந்த இடத்திலேயே விலக்கிவிடலாம். ஆனால் பதிவு என்பது குறைந்தபட்ச வாசல் மட்டுமே. மறதிநோயாளரைப் பராமரிக்கும் பயிற்சி அங்குள்ளோருக்கு உண்டு என்பதற்கு அது சான்றாகாது.

இலங்கையின் முதியோர் இல்லங்களில் பல, தம் அன்றாடத் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ளக் கூடிய ஆதரவற்றோருக்காக அமைந்தவை. நினைவிழந்து அலைபவரையோ இரவில் கூச்சலிடுபவரையோ தாங்கும் ஆளணி அவற்றில் இல்லை. இதனை அறிந்த குடும்பங்கள் சில, சேர்க்கும்போது நோயை மறைத்துவிடுகின்றன. சில வாரங்களில் உண்மை வெளிப்பட்டு, முதியவர் மீண்டும் லயத்துக்கே அனுப்பப்படுகிறார். பழகிய இடத்திலிருந்து ஒருமுறை பெயர்க்கப்படுவதே மறதிநோயாளரை ஆழமாகக் குலைக்கும். இருமுறை பெயர்க்கப்படுவது அவருக்குச் செய்யும் கொடுமை. எனவே முதற்சந்திப்பிலேயே நோயை மறைக்காமல் சொல்லி, அது முற்றும் காலத்தில், அதாவது அவர் நடக்க முடியாமல் படுக்கையில் வீழ்ந்து, மலசலக் கட்டுப்பாட்டை இழந்து, விழுங்கவும் சிரமப்படும் காலத்தில், அதே இல்லம் அவரை வைத்துக்கொள்ளுமா என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் சிகிச்சைக்கான வைத்தியசாலை என்பதும், நிரந்தரத் தங்குமிடமாக அதைக் கருத முடியாது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கவை.

தமிழ் மட்டுமே பேசும் மலையக முதியவருக்கு முதலாவது அளவுகோல் மொழியே. மற்ற அளவுகோல்கள் யாவும் இதற்குப் பின்பே வருகின்றன. மறதிநோய் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் அழித்து, தாய்மொழியைக் கடைசிவரை விட்டுவைப்பது பலரிடம் காணப்படுகிறது. இளமையில் சந்தையிலும் வைத்தியசாலையிலும் சிங்களத்தில் சமாளித்த ஒருவர், நோய் முற்றும்போது அதைப் புரிந்துகொள்ள முடியாதவராகிறார். வலி, பசி, குளிர், சிறுநீர் முட்டல் ஆகியவற்றை அவர் சொல்வது தமிழில். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் கத்துவதாகவும் முரண்டு பிடிப்பதாகவுமே தோன்றும், அதன் பயனாகக் கிடைப்பது தூக்க மாத்திரையாகவே இருக்கும். கண்டியிலும் கொழும்பிலும் உள்ள இல்லங்களில் அன்பான, திறமையான பணியாளர் பலர் இருக்கலாம். ஆயினும் பகலில் தமிழ் பேசும் ஒருவர் வந்துபோகிறார் என்ற உறுதிமொழி போதாது. அச்சமும் குழப்பமும் மிகுவது இரவில் என்பதால், இரவுப் பணியில் தமிழ் தெரிந்தவர் உண்டா என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கைதடி அரச முதியோர் இல்லம் போன்ற தமிழ்ச்சூழல் உள்ள இடங்கள் வடக்கில் உள்ளன. ஆனால் ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் சென்று பார்த்துவருவது ஒரு தொழிலாளர் குடும்பத்தால் அடிக்கடி செய்யக் கூடியதன்று. தமிழும் அண்மையும் ஒருங்கே கிடைக்கும் எளிய இல்லமொன்று, பளிங்குத் தரையும் பூந்தோட்டமும் உள்ள தொலைதூர இல்லத்தைவிட மேலானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மொழிக்கு அடுத்து நிற்பது, முதியவரின் வாழ்க்கையை இல்லத்தார் எந்த அளவுக்கு அறிய விரும்புகிறார்கள் என்பது. பிரித்தானிய உளவியலாளர் டொம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்து இத்துறையின் போக்கையே மாற்றியது: நோயாளரின் நடத்தையை மூளையின் சிதைவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அவரது வாழ்க்கை வரலாறும் குணமும் உடல்நலமும் சுற்றியுள்ளோர் அவரை நடத்தும் முறையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்றார் அவர். மலையகத்தில் இக்கருத்தின் பொருள் மிகத் தெளிவாக விளங்கும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண்மணி, விடியுமுன் தப்புச் சத்தத்துக்கோ சங்குச் சத்தத்துக்கோ எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, இடுப்பில் படங்கு கட்டி மலையேறியவர். மறதிநோய் அண்மைக்கால நினைவுகளை அழித்துப் பழைய நினைவுகளை எஞ்சவிடுவதால், எழுபத்தெட்டாவது வயதிலும் அவர் அதிகாலை நாலரைக்கு எழுந்து, கூடையைத் தேடி, பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறிக் கதவைத் தட்டக் கூடும். பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட்சம்பளம்தான் விழும் என்ற அச்சம் அவருக்கு இன்னும் நிகழ்காலத்து அச்சமே. இதை அறியாத இல்லம் அவரைப் படுக்கச்சொல்லி அதட்டும், மறுத்தால் கட்டிலோடு கட்டும். அறிந்த இல்லம் அந்நேரத்தில் விளக்கேற்றி, சூடான தேத்தண்ணி கொடுத்து, பறிக்கவோ ஆயவோ ஒரு கட்டுக் கீரையை மடியில் வைக்கும். செலவு ஏறத்தாழ ஒன்றுதான்; வேறுபாடு அறிவில் இருக்கிறது.

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹொகவேய்க் என்ற மறதிநோயாளர் குடியிருப்பு உலகப் புகழ் பெற்றது. அங்கே வாழ்வோர் தம் பழைய வாழ்க்கைமுறையை ஒத்த வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தப்படுகிறார்கள்; கடையும் தெருவும் பூங்காவும் மதிலுக்குள்ளேயே இருப்பதால் அவர்கள் அச்சமின்றி நடமாடுகிறார்கள். அதன் பணச்செலவு இலங்கைக்கு எட்டாதது. அதன் அடிப்படை எண்ணம் எட்டாததன்று: மாரியம்மன் படத்துக்கு முன் சூடம் காட்டிப் பழகியவருக்கு அதற்கொரு மூலை, தேவாலய மணிக்கு எழுந்து பழகியவருக்கு அந்த மணிக்குரிய நேரம், தொழிற்சாலையில் இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதமுனிக்குப் பூசை நடந்த நாளைச் சொல்லும் முதியவரைக் கேட்க ஒரு செவி. சமயத் தொண்டர்கள் நடத்தும் இல்லங்கள் எல்லாச் சமயத்தவரையும் ஏற்பது பாராட்டுக்குரியது. அங்கே சேர்ப்பவர், முதியவரின் நெற்றித் திருநீறும் வெள்ளிக்கிழமை வழக்கமும் காக்கப்படுமா என்று மரியாதையோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

குளியல் பற்றிக் கேட்கும் குடும்பங்கள் அரிது; ஆனால் ஓர் இல்லத்தின் பண்பு அங்கேதான் வெளிப்படும். பீலிக்கரையில் குறுக்குக்கட்டோடு குளித்தே வாழ்ந்த பெண்ணை, அறிமுகமற்ற ஒருவர் மூடிய அறையில் முழுதாக ஆடை களைய முயன்றால், அவர் அடிப்பதும் கடிப்பதும் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே. அதனை வன்முறை நடத்தை என்று பதிவேட்டில் எழுதிவைப்பது அநீதி. குறுக்குக்கட்டை அவிழ்க்காமல், பெண் பணியாளர் ஒருவர், என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லிச் சொல்லி, வெந்நீரைக் கோப்பையால் வார்த்துக் குளிப்பாட்ட இயலும். வெந்நீர் என்பது இங்கே வசதிக்கான பொருளன்று. 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியா நகரில் சனவரி, பெப்ரவரி மாத இரவுகளில் வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்வெளியில் உறைபனி படியும். முதிய உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்வதில் வலுவற்றது. மறதிநோயாளருக்கோ குளிர்கிறது என்று சொல்லவும் தெரியாமல் போகலாம். ஆகவே படுக்கையறையின் சன்னல்கள் மூடுகின்றனவா, சுவரில் ஈரக்கசிவு உண்டா, இரவில் நனைந்த படுக்கை எந்நேரத்தில் மாற்றப்படுகிறது, கம்பளிகள் எத்தனை என்பனவெல்லாம் நேரில் பார்த்து அறிய வேண்டியவை.

பார்வையிடச் செல்லும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு எந்த இல்லமும் ஒழுங்காகவே தோன்றும். மாலை ஐந்து முதல் ஏழு வரை மறதிநோயாளர் பலருக்குக் கலக்கம் கூடும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பதும், அழுவதும், வாசலை நோக்கி நடப்பதும் அப்போதே மிகுகின்றன. அந்நேரத்தில் பணியாளர் எங்கே இருக்கிறார்கள், தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகளில் அமர்த்திவிட்டுச் சமையலறையில் இருக்கிறார்களா, அழுபவரின் அருகில் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று காண வேண்டும். சாப்பாட்டு வேளையைக் காண்பதும் அதேயளவு பயன்தரும். உணவைத் தட்டில் வைத்துவிட்டு, உண்ணாத தட்டை அரைமணியில் எடுத்துச்செல்லும் இல்லத்தில் முதியவர் மெல்ல மெல்லப் பட்டினியால் தேய்வார். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுகவளமாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்த கவளம் கொடுப்பதே முறை. அவசரத்தில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கும், நோய் முற்றியவர்களின் சாவுக்கு அது முக்கிய காரணமாகும். கடினமான ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுக்கும் எளிய வழக்கம்கூட உயிர்காக்கும். வாழ்நாள் முழுவதும் வெற்றிலை போட்ட ஒருவரிடமிருந்து அதை முதல் நாளே பறிப்பது கடும் அமைதியின்மையைத் தரும். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்குப் பாக்கு ஆபத்தானது என்பதும் உண்மை. இதை இல்லத்தார் எவ்வாறு கையாள்வார்கள் என்று கேட்டால், அவர்களுக்கு இத்தகைய சிக்கல்களில் பட்டறிவு உண்டா என்பது விடையிலேயே தெரிந்துவிடும்.

மருந்து பற்றிய கேள்வி தவிர்க்க முடியாதது. கலக்கமுற்றவரை அடக்க ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்ற உளநோய் மருந்துகள் கொடுக்கப்படுவதுண்டு. இவ்வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரிடம் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலும் 2008இலும் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றுக்கு ஒருபோதும் இடமில்லை என்பது இதன் பொருளன்று. வேறு வழிகள் பயனளிக்காதபோது, வைத்தியரின் கட்டளைப்படி, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுத்து, தொடர்ந்து தேவையா என்று மறுபடி மறுபடி ஆராய வேண்டும் என்பதே. எவர் எழுதிக்கொடுத்தார், எப்போது நிறுத்தப்படும், குடும்பத்துக்கு அறிவிக்கப்படுமா என்ற மூன்றுக்கும் நேரான விடை கிடைக்க வேண்டும். ஒருவரின் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென முற்றினால், அது மறதிநோயின் வளர்ச்சியாக இருப்பது அரிது. சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், நுரையீரல் அழற்சி, புதிய மருந்தின் விளைவு ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்த தாதி ஒருவராவது இல்லத்தில் இருப்பதும், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு இரவிலும் கொண்டுசெல்ல வாகனம் இருப்பதும் இன்றியமையாதவை.

கட்டிவைத்தல் எந்தப் பெயரில் நடந்தாலும் அதை ஏற்கலாகாது. நாற்காலியோடு சேலையால் கட்டுவதும் கட்டிலில் கைகளைப் பிணைப்பதும் விழுவதைத் தடுப்பதற்கு என்று நியாயப்படுத்தப்படுகின்றன. உண்மையில் அவை தசைகளை நலியவைத்து, படுக்கைப் புண்களையும் அச்சத்தையும் உண்டாக்கி, பிணைப்பிலிருந்து விடுபட முனையும்போது மோசமான காயங்களையும் விளைவிக்கின்றன. ஆனாலும் மலைநாட்டில் அலைந்து வெளியேறும் முதியவருக்கு நேரும் ஆபத்து சமவெளியில் இருப்பதைவிடப் பெரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வழுக்கும் படிக்கட்டும், தேயிலைச் செடிகளுக்கிடையே மறைந்திருக்கும் ஆழமான கானும், பள்ளத்து ஓடையும், திடீரென இறங்கும் மூடுபனியும், தொழிலாளரையே வைத்தியசாலைக்கு அனுப்பும் குளவிக்கூடுகளும் அவரைச் சூழ்ந்துள்ளன. இதற்குரிய தீர்வு, சுற்றி வேலியிட்ட, சமதரையான முற்றம் ஒன்றில் அவர் விரும்பியபடி நடக்க விடுவதே. அத்தகைய முற்றம் உள்ளதா என்பது கட்டிடத்தின் அழகைக் காட்டிலும் முக்கியமான கேள்வி.

நிலத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மத்திய மலைநாடெங்கும் நேர்ந்த மண்சரிவுகளையும் மலையகத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. இல்லம் அமைந்த சரிவைப் பற்றி அதன் அறிவுறுத்தல் என்ன, வெளியேறும்படி எச்சரிக்கை வந்தால் நடக்க முடியாத இருபது பேரை நள்ளிரவில் எவர் தூக்கிச் செல்வார்கள் என்பதற்கு இல்லத்தாரிடம் முன்னேற்பாடு இருக்க வேண்டும்.

பணம் பற்றிய உண்மை கசப்பானது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்த 1,350 ரூபாய் வீதம் ஒரு மாதத்தில் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. அத்தனை நாள் வேலை கிடைப்பதும் அரிது. கட்டணம் பெறும் தனியார் இல்லங்கள் பெரும்பாலும் இக்கணக்குக்குள் அடங்குவதில்லை. முதியவரின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து கிடைத்த மொத்தத் தொகை மிஞ்சியிருந்தால், அதை ஒரேயடியாக வைப்புப் பணமாக இல்லத்திடம் ஒப்படைப்பது அறிவுடைமையாகாது; அவரைத் திரும்ப அழைத்துச்செல்ல நேர்ந்தால் அத்தொகையில் எவ்வளவு மீளும் என்பது எழுத்தில் இல்லாதவரை அவ்வாறு செய்யவே கூடாது. மாதக் கட்டணத்துக்கு வெளியே மருந்து, அணையாடை, வைத்தியசாலையில் உடனிருப்பவருக்கான கூலி ஆகியவை தனியாகக் கேட்கப்படுமா என்பதும், வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பும் பணம் ஒரு மாதம் தடைப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் முதல் நாளே பேசப்பட வேண்டும். நினைவிழந்தவரிடம் எந்தத் தாளிலும் கைநாட்டு வாங்க இடம்கொடுக்கலாகாது. தம் காரியங்களைத் தாமே பார்க்க இயலாதவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டத்துச் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேட்டில் இன்னொரு பெயருமாக இருப்பது மலையக முதியோரிடம் வழமையான சிக்கல். முதியவரைச் சேர்ப்பதற்கு முன்பே அதைக் கிராம உத்தியோகத்தர் வழியாகத் தீர்த்துவைப்பது, பின்னர் வைத்தியசாலையிலும் இறப்புப் பதிவிலும் நேரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

இல்லம் ஒன்று தெரிவானபின், சேர்க்கும் நாளில் குடும்பத்தார் கொண்டுசெல்ல வேண்டியவற்றுள் மிகப் பெறுமதியானது, ஓரிரு பக்கங்களில் தமிழில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. அவர் எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் பிறந்தார், என்ன வேலை செய்தார், அம்மாயி என்று அழைத்தால் திரும்புவாரா அல்லது பெயரைச் சொன்னால்தானா, இறந்துபோன எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டு அழுவார், எப்போது வெற்றிலை போடுவார், எந்தப் பக்கம் படுப்பார், எந்தக் காதில் கேட்காது என்பன அதில் இருக்கட்டும். ரோதை இரைச்சலில் பல்லாண்டு வேலை செய்தவர்களுக்குக் கேள்விக் குறைபாடு இருப்பது வியப்பன்று. காது கேளாமையையே பணியாளர் மறதியின் முற்றலாகக் கருதிவிடுவதும் நடக்கிறது. மூக்குக்கண்ணாடியிலும் பல்செட்டிலும் பெயர் பொறித்துவிட்டால் அவை மற்றவருடையவற்றோடு கலந்து தொலைவது குறையும். அவர் பழகிய கம்பளியைத் துவைக்காமலே கொண்டுபோய்ப் படுக்கையில் விரிப்பதும் உதவும், ஏனெனில் வாசனை நினைவு நெடுநாள் நிலைக்கக் கூடியது.

முதல் ஆறு வாரங்கள் கடினமானவை. அவர் அழுவார், வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்வார், பார்க்க வந்த மகனை அடையாளம் காணாமலும் இருப்பார். பழகும்வரை வரவேண்டாம் என்று சில இல்லங்கள் கூறுகின்றன. அறிவுரை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குறுகிய நேரமாயினும் முறையாக வந்துபோகும் உறவினர் ஒருவர் இருப்பது பணியாளரின் கவனத்தையும் கூட்டும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வரும் ஒரு நாள் என்பது ஒரு நாட்சம்பள இழப்பும் பஸ் செலவும் சேர்ந்தது என்பதால், உறவினர்கள் முறைவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பின்றி, வெவ்வேறு நேரங்களில் செல்வதே சிறந்த ஏற்பாடு. செல்பவர் அவரது குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் முதலில் அங்கேதான் சிவக்கும். நகம் வெட்டப்பட்டுள்ளதா, உதடு வறண்டுள்ளதா, உடுத்திருப்பது அவருடைய துணிதானா என்று கவனித்து, கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்துவரலாம். குறை கண்டால் முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் பேசுவதும், திருந்தாவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிடுவதும், அதற்கும் பயனில்லையெனில் முதியோருக்கான தேசிய செயலகத்துக்குக் கொண்டுசெல்வதும் முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதந்தோறும் எடை பார்த்து எழுதும்படி சேர்க்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்திருந்தால், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் அன்றே அவரை வைத்தியரிடம் காட்ட வேண்டும், அந்த மாதம் அவருக்கு ஊட்டியவர் எவர் என்றும் கேட்க வேண்டும்.